முன்னாள் கவுன்சிலர், இந்நாள் நடிகர்: பார்த்தவர்கள், பழகியவர்கள் எழுதுங்கள்

முத்தியால்பேட்டை

நம் ஊரில் கவுன்சிலர் என்று யாரைச் சொன்னாலும் அவர் முன்னாள் கவுன்சிலர்தான். வெளியூர் நண்பர்களுக்காக விளக்கிவிடுகிறேன். புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006-இல். நடுவில் 38 வருஷம் ஒன்றுமில்லை. அதையும் நீதிமன்றம் சொல்லித்தான் நடத்தினார்கள். அப்போது ஜெயித்தவர்களுக்கு 2011-இல் பதவிக்காலம் முடிந்தது. இதை எழுதும்வரை அடுத்த தேர்தல் வரவில்லை. ஐந்து நகராட்சிகளும் பத்து கொம்யூன் பஞ்சாயத்துகளும் (கிராமப்புற உள்ளாட்சி அமைப்புகள்) அதிகாரிகள் கையில்தான்.

ஆக, தோற்காமலேயே வீட்டுக்குப் போன அரசியல்வாதிகள் இங்கே நிறைய. சிலர் எம்.எல்.ஏ. சீட் கேட்டுப் பார்த்தார்கள். சிலர் மனை வியாபாரத்துக்குப் போனார்கள். எங்கள் பக்கத்து வார்டுக்காரர் சினிமாவுக்குப் போனார். பெயர் போடவில்லை. ஊர்க்காரர்களுக்குச் சொல்லாமலே தெரியும், மற்றவர்களுக்குத் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. பஞ்சாயத்துத் தலைவர், மாவட்டச் செயலாளர், பெண்ணின் பெரியப்பா, ஸ்கூல் தாளாளர் என்று அவரை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். "இந்த ஆளை எங்கேயோ பார்த்திருக்கேனே" என்று பக்கத்து சீட்காரர் சொன்னால் பெரும்பாலும் அது அவர்தான்.

நான் முதலில் கவனித்தது ஒரு கல்யாணக் காட்சியில். அவருக்கு ஒரே ஒரு வரி வசனம். ஆனால் பந்தியில் நடந்துபோகும்போது ஒவ்வொரு இலையையும் குனிந்து பார்த்து, காலியான இலை முன்னால் மட்டும் அரை நொடி நின்று, பின்னால் வரும் பையனுக்குக் கண்ணைக் காட்டிவிட்டு நகர்ந்தார். எங்கள் வார்டில் எந்தக் கல்யாணத்துக்கு வந்தாலும் அவர் செய்வது அதுதான். முன்னால் ஹீரோ என்னவோ பேசிக்கொண்டிருந்தார். எனக்கு அது காதில் விழவே இல்லை.

அவரோடு பழகியவர்கள், ஷூட்டிங்கில் பார்த்தவர்கள், அவர் மாதிரி வேறு யாரையாவது தெரிந்தவர்கள் எழுதுங்கள். கடலூர்க்காரர்களும் வரலாம்.

வில்லியனூர்

நான் எழுதாமல் யார் எழுதுவது? சினிமா கம்பெனிகளுக்கு லொகேஷன் பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தவன் நான். அவர் நடிக்க வந்த அன்றைக்கு அங்கேயே இருந்தேன்.

இங்கே ஷூட்டிங்குக்கு வருகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் கேட்பது ஒன்றைத்தான்: மஞ்சள் சுவர், வளைந்த ஜன்னல், காகிதப்பூ. டூமா வீதி, ரோமன் ரோலண்ட் வீதி பக்கம் அதற்குப் பஞ்சமில்லை. அங்கே குடியிருக்கிறவர்களுக்கும் கேமரா பழகிவிட்டது, யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். தலைவலி எங்கே என்றால் குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் மாதிரி ஜனம் நெருக்கமாக இருக்கும் தெருக்களில்தான். நகராட்சி அனுமதி இருக்கும், போலீஸ் அனுமதி இருக்கும், சிவப்புத் தொப்பியோடு நம் போலீஸ்காரர் ஒருவர் நிற்பார். ஆனால் தெருக்காரர்கள் மனசு வைக்காவிட்டால் ஒரு ஷாட் ஓடாது. அதனால் அந்தந்த ஏரியா பெரிய மனிதர் ஒருவரைக் கூட்டி வைத்துக்கொள்வோம். அப்படித்தான் இவரைக் கூப்பிட்டேன். நடிக்க இல்லை, கூட்டத்தைப் பார்த்துக்கொள்ள.

அன்றைக்கு ஹீரோ வந்து இறங்கினதும் தெரு பூராவும் கத்தல். அசிஸ்டன்ட் டைரக்டர்கள் மெகாபோனில் "சைலன்ஸ் ப்ளீஸ்" என்று கதறிக்கொண்டிருந்தார்கள். இவர் மெகாபோன் பக்கமே போகவில்லை. மாடியில் நின்ற ஒரு அம்மாவைப் பார்த்து, "அக்கா, உன் பேரன் ரெண்டு பேரையும் மேல கூப்ட்டுக்க" என்றார். சைக்கிள் கடைக்காரரிடம் போய்க் காதோடு ஏதோ சொன்னார். முன்வரிசையில் குதித்துக்கொண்டிருந்த பையனின் தோளில் கை போட்டு, "நீதான்டா இந்தப் பக்கத்துக்குப் பொறுப்பு" என்று கயிற்றை அவன் கையில் கொடுத்தார். மொத்தமே நாலைந்து பேரிடம்தான் பேசியிருப்பார். தெரு அடங்கிவிட்டது. மானிட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த டைரக்டர் இதையெல்லாம் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, "யார் சார் அது?" என்று கேட்டார். மத்தியானம் எடுக்க வேண்டிய ஒரு சின்ன சீனுக்குச் சென்னையிலிருந்து வர வேண்டிய ஆர்ட்டிஸ்ட் வந்து சேரவில்லை. அவ்வளவுதான். போட்டிருந்த வெள்ளைச் சட்டையோடே நிற்க வைத்துவிட்டார்கள்.

சீன் இதுதான்: ஊர்ப் பெரிய மனிதர் காரில் ஏறப்போகிறார், ஒரு கிழவர் ஓடிவந்து மனு கொடுக்கிறார், பெரிய மனிதர் வாங்கிப் படித்துவிட்டுக் கோபமாகக் கிழித்துப் போட வேண்டும். இவரிடம் சொன்னார்கள். தலையாட்டினார். கேமரா ஓடியதும் செய்தது வேறு. வலது கையால் மனுவை வாங்கினார். அதைப் பார்க்கவே இல்லை. கிழவர் முகத்தையே பார்த்தார். வாங்கின வேகத்திலேயே காகிதம் தோளுக்குப் பின்னால் போய்விட்டது, அங்கே ஆள் இருக்கிறானா என்றுகூடத் திரும்பவில்லை. இடது கை அதற்குள் கிழவரின் முழங்கையைப் பிடித்திருந்தது. பிடித்து, அமுக்கி, அப்படியே ஒரு கால் வட்டம் திருப்பி, அவரை வந்த வழியே அனுப்பிவிட்டது. "ஆவட்டும் பெரியவரே, நான் சொல்லிர்றேன்." கிழவராக நடித்தவர் நிஜமாகவே கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். கேமரா ஓடிக்கொண்டிருப்பதே அவருக்கு ஞாபகம் இல்லை!

டைரக்டர் கட் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "கிழிக்க வேணாம். இதையே வச்சுக்கலாம்" என்றார். கிழித்திருந்தால் அவன் வில்லன். கிழிக்காமல் அனுப்பினதுதான் பயமாக இருந்தது.

இன்னொன்று. சாயங்காலம் புரொடக்‌ஷன் மேனேஜர் கவரில் பேட்டா கொடுத்தார். வாங்கின கையோடு பிரித்து, கயிறு பிடித்த பையன்களுக்கு ஆளுக்கு நூறு என்று கொடுத்துக்கொண்டே வந்தார். மேனேஜர் என்னிடம் ஓடிவந்து, "அண்ணே, தடுங்கண்ணே, நாளைக்கு எங்ககிட்டயும் இதே ரேட்டைக் கேப்பானுங்க" என்று அழாக்குறை.

உழவர்கரை

நான் அவர் வார்டுக்காரன். எல்லாரும் உச்சி குளிர எழுதுகிறீர்கள், எழுதுங்கள். எங்கள் சந்தில் சாக்கடை அடைத்து வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது முழங்கால் தண்ணீரில் நின்று கையைப் பிடித்துக்கொண்டு "நான் பாத்துக்கறேன்" என்றாரே, அந்த நடிப்புக்கு யாராவது விருது கொடுங்கள். அந்த முழங்கையைப் பிடித்துத் திருப்புகிற வித்தை எனக்கும் நடந்திருக்கிறது. வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான், நாம் கேட்க வந்ததைக் கேட்கவே இல்லையே என்று உறைத்தது.

ஒரு படத்தில் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரு பொம்பளை அவரை நடு ரோட்டில் நிற்க வைத்துக் கிழிகிழி என்று கிழிப்பார். அந்த இடத்தை மட்டும் போனில் எடுத்து வைத்திருக்கிறேன். மனசு சரியில்லாத அன்றைக்குப் போட்டுப் பார்ப்பேன்.

முத்தியால்பேட்டை

உழவர்கரை நண்பரே, நியாயம்தான். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன், வக்காலத்து என்று நினைக்காதீர்கள். இங்கே குடிநீர் பொதுப்பணித் துறையிடம், மின்சாரம் மின்துறையிடம். குப்பை, சாக்கடை, தெருவிளக்கு என்று கவுன்சிலர் தலையில் விழுந்த வேலைக்கும் பணம் மேலே இருந்து வர வேண்டும். எம்.எல்.ஏ.வுக்கே தொகுதியில் முப்பதாயிரம் சொச்சம் ஓட்டுதான் என்பதால் அவரே தெருத் தெருவாக வந்துவிடுவார். நடுவில் கவுன்சிலருக்கு மிஞ்சியது ஜனங்கள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்கிற வேலை. ஐந்து வருஷம் அதை மட்டுமே செய்த ஆள் அதில் கைதேர்ந்து போனதில் ஆச்சரியம் என்ன?

சாக்கடை அடைத்தது அடைத்ததுதான். அதற்கு மன்னிப்பு இல்லை.

கடலூர் மஞ்சக்குப்பம்

கடலூர்க்காரர்களையும் கூப்பிட்டதால் எழுதுகிறேன். எங்கள் ஆள் வேறு ரகம். அவரும் கவுன்சிலராக இருந்தவர். 2011 அக்டோபரில் ஜெயித்தார். உட்கார்ந்த நாற்காலி சூடாகுமுன் டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல். மரம் வெட்டுவதும், தண்ணீர் லாரி பிடிப்பதும், கணக்கெடுக்க வந்தவர்களுக்கு வழி காட்டுவதுமாகவே அவர் பதவி ஆரம்பமானது. நல்ல மனிதர், அதில் சந்தேகமில்லை. 2016-இல் பதவிக்காலம் முடிந்தது. தமிழ்நாட்டிலும் நகராட்சித் தேர்தல் மறுபடி வந்தது 2022 பிப்ரவரியில்தானே. அந்த இடைவெளியில் இவர் சீரியலுக்குப் போனார்.

சீரியலில் கதாநாயகிக்கு மாமனார் வேஷம். கொஞ்ச நாளில் அவரைச் சாகடித்துவிட்டார்கள். ஆனால் சீரியலில் செத்தவருக்குத்தான் ஆயுசு அதிகம். மாலை போட்ட படம் ஹாலில் தொங்கும், மருமகள் அழுகிற போதெல்லாம் கேமரா அந்தப் படத்துக்குப் போகும். அந்த ஃப்ரேமை மட்டும் எவனோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து வார்டு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டான். கீழே ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. படம் மட்டும். போதாதா? சந்தன மாலை, பொட்டு, பக்கத்தில் விளக்கு.

மறுநாள் விடியக்காலை திருப்பாதிரிப்புலியூரில் அவர் வீட்டு வாசலில் கூட்டம். எதிர்க்கட்சிக்காரர்கூட மாலையோடு வந்து நிற்கிறார். கதவைத் திறந்தது அவரேதான், வாயில் பல் விளக்குகிற பிரஷ்ஷோடு. ஒரு அம்மா பாதி ஒப்பாரியில் நிறுத்தினார். அவரோ அசரவில்லை. "உள்ள வாங்க, எல்லாரும் காப்பி சாப்பிட்டுத்தான் போகணும்" என்று உட்கார வைத்துவிட்டார். கொண்டுவந்த மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் எதிர்க்கட்சிக்காரர் அதை அவர் கழுத்திலேயே போட்டு, "வாழ்த்துகள்" என்றார். இதை நான் கேள்விப்பட்டு எழுதவில்லை, அந்தக் காப்பியைக் குடித்தவர்களில் நானும் ஒருவன்.

ஆனால் நடிகர் என்ற முறையில் அவர் சுமார்தான். மேடைப் பேச்சாளர். "மருமகளே, காபி கொண்டு வா" என்பதைக்கூட "பெரியோர்களே, தாய்மார்களே" ராகத்தில்தான் சொல்வார்.

காராமணிக்குப்பம்

சினிமாவிலிருந்து அரசியலுக்குப் போனவர்கள் பட்டியல் நம்மிடம் நீளம். 1962-இல் தேனியில் ஜெயித்த எஸ்.எஸ்.ஆரிலிருந்து ஆரம்பித்து எண்ணிக்கொண்டே போகலாம். எதிர்த் திசையில் வந்தவர்கள் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். எனக்கு உடனே ஞாபகம் வருபவர் பழ. கருப்பையா. 2010-இல் வந்த 'அங்காடித் தெரு' படத்தில் ஜவுளிக்கடை அண்ணாச்சி. கவனியுங்கள், அவர் துறைமுகம் தொகுதியில் எம்.எல்.ஏ. ஆனது அதற்கு அடுத்த வருஷம், 2011-இல். அதனால் அவரை 'முன்னாள்' கணக்கில் சேர்க்க முடியுமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அரசியலுக்கும் நடிப்புக்கும் நடுவே குறுக்கும் நெடுக்குமாகப் போய்வந்த ஆள். 2018-இல் 'சர்கார்' படத்தில் முதலமைச்சர் வேஷம். ஆனாலும் என் ஓட்டு அந்த அண்ணாச்சிக்குத்தான். குரலை உயர்த்தவே மாட்டார். கடைப் பையன்கள் நடுங்குவார்கள்.

அப்புறம் நாஞ்சில் சம்பத். பேச்சாலேயே பிழைத்த மனிதர். 2019-இல் 'எல்.கே.ஜி.' படத்தில் ஹீரோவுக்கு அப்பாவாக வந்தார். அரசியலில் மேலே வர முடியாமல் போன அப்பா. மேடையில் மணிக்கணக்கில் முழங்கியவரை அப்படி ஒரு அப்பனாக உட்கார வைத்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது.

நெப்போலியன், ராதாரவி என்று யாரும் ஆரம்பிக்காதீர்கள். அவர்கள் நடித்துவிட்டு அரசியலுக்குப் போனவர்கள். இந்த இழையில் இடமில்லை.

கூத்தப்பாக்கம்

காராமணிக்குப்பம் தம்பிக்கு: குறுக்கும் நெடுக்குமாகப் போன ஆள் இன்னொருவர் உண்டு, அமெரிக்காவில். ஃப்ரெட் தாம்சன். வக்கீல். 1973-இல் வாட்டர்கேட் விசாரணை (ஜனாதிபதி நிக்சனின் பதவிக்கே உலை வைத்த ஊழல்) டிவியில் நேரடியாக ஓடியபோது, வெள்ளை மாளிகையில் பேச்சைப் பதிவு செய்கிற கருவி ஏதாவது இருந்ததா என்று சாட்சியிடம் கேட்டவர் அவர்தான். உலகமே பார்த்த கேள்வி. பிறகு டென்னசியில் பரோல் ஊழல் வழக்கொன்றில் ஒரு பெண்மணிக்காக வாதாடினார். அதைப் படமாக எடுத்தபோது (1985, படத்தின் பெயர் 'மேரி') அந்த வக்கீலாக அவரையே நடிக்க வைத்தார்கள். அடுத்தடுத்து வேஷங்கள் வந்தன. 'ஹன்ட் ஃபார் ரெட் அக்டோபர்' படத்தில் அட்மிரல். 1994-இல் செனட்டர். 2003 தொடக்கத்தில் பதவி முடிந்தது. முடிவதற்கு முன்பே 2002-இல் 'லா அண்ட் ஆர்டர்' தொடரில் அரசு வழக்கறிஞராக வர ஆரம்பித்துவிட்டார். ஜனாதிபதி வேட்பாளராக நிற்கவும் முயற்சி செய்தார். 2015-இல் காலமானார்.

ஆறடிக்கு மேல் உயரம், கனத்த குரல். எந்தப் படத்திலும் அதிகாரம் உள்ள ஆள்தான். நம்மவர்களும் பாருங்கள், தலைவர், தாளாளர், நாட்டாமை. ஒருவருக்காவது சைக்கிள் ரிப்பேர் கடைக்காரர் வேஷம் கொடுத்திருக்கிறார்களா? அங்கேயும் இங்கேயும் டைரக்டர்களுக்கு ஒரே புத்தி.

நெல்லித்தோப்பு

சின்ன விஷயம். நான் காஸ்ட்யூம் உதவியாளராக ஒரு படத்தில் வேலை பார்த்தேன். நம் புதுச்சேரி கவுன்சிலருக்குக் கட்சி மாவட்டச் செயலாளர் வேஷம். கரை வேட்டியை நீட்டினேன். கதையில் வரும் கட்சிக்காக ஊதாவும் வெள்ளையுமாகக் கரை வைத்துத் தைத்தது. வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, கரையை விரலால் தேய்த்துப் பார்த்து, "இது எந்தக் கட்சிக்கும் வராதில்ல?" என்று கேட்டார். வராது என்று நான் சொன்னதை நம்பவில்லை. கொடி நிறம் தெரிந்த யாருக்கோ போன் போட்டு விசாரித்துவிட்டுத்தான் கட்டினார்.

கட்டினபிறகு என் பாடு திண்டாட்டம். ஷாட்டுக்கு ஷாட் நடுவில் யாரையாவது பார்க்க எழுந்து போவார், போகிற வழியில் பழக்க தோஷத்தில் வேட்டியை அவிழ்த்து உதறிக் கட்டிக்கொள்வார். முந்தின ஷாட்டில் கரை இந்தப் பக்கம், அடுத்த ஷாட்டில் அந்தப் பக்கம். நான் போனில் எடுத்த போட்டோவை வைத்துக்கொண்டு அவர் பின்னாலேயே ஓடினேன். கன்டினியூட்டி என்றால் என்ன என்று விளக்கினதும், "நேத்து சொன்னதையே இன்னிக்கும் சொல்லணும்ங்கற. எங்க தொழில்ல அது பழக்கமில்லையே தம்பி" என்று சிரித்தார்.

லாஸ்பேட்டை (இப்போது சாலிகிராமம்)

டப்பிங் ஸ்டூடியோவில் வேலை பார்க்கிறேன். அவர் எங்களிடம் டப்பிங்குக்கு வந்தபோது ஊர்க்காரர் என்று தெரிந்ததும், "எந்தத் தெரு? யார் வீட்டுப் பொண்ணு?" என்று தாத்தா பேர் வரை போய்விட்டார். என் தாத்தாவுக்கு முதியோர் பென்ஷன் வாங்கிக் கொடுத்ததையும் சொன்னார். அது உண்மைதான் என்று அம்மாவிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். பல வருஷம் ஆகியும் மனிதர் மறக்கவில்லை.

நம் படங்கள் பெரும்பாலும் படப்பிடிப்பில் ஒரு தடவை, டப்பிங்கில் ஒரு தடவை என்று இரண்டு முறை நடிக்க வேண்டியவை. பலர் தடுமாறுவது இரண்டாவதில்தான். இவர் மைக்கைப் பார்த்ததும் குரல் தானாக ஏறிவிட்டது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினியர் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டார். பின்னால் தள்ளி நில்லுங்கள் என்றோம், நின்றார். தள்ளி நின்றதற்கு ஈடு கட்டுகிற மாதிரி இன்னும் சத்தமாகப் பேசினார். அது போக, திரையில் உதடு அசைகிறபடி ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும் அல்லவா? ஒவ்வொரு தடவையும் ஒரு வார்த்தை கூட்டுவார், ஒன்று குறைப்பார். "என்" என்பதை "நம்ம" என்று மாற்றுவார். மாற்றினது என்று அவருக்கே தெரியாது.

கடைசியில் நான்தான் உள்ளே போய், "சார், காலையில உங்க வீட்டுத் திண்ணையில ஒரு அம்மா வந்து உக்காந்திருக்காங்க. வீட்ல மத்தவங்க தூங்கறாங்க. அவங்ககிட்ட சொல்லுங்க" என்றேன். கொஞ்சம் யோசித்தார். குரல் அப்படியே இறங்கி வந்தது. இன்ஜினியர் ஹெட்போனை மறுபடி மாட்டிக்கொண்டார். அந்தக் காட்சி முழுக்க அப்படியே முடித்தோம். அவருக்கு ரகசியம் பேசுகிற குரல் ஒன்று இருக்கிறது, கேட்டவர்களுக்குத் தெரியும். மேடையில் அதை யாரும் கேட்டிருக்க வாய்ப்பில்லை.

ஒரு படத்தில் மட்டும் அவருக்கு வேறு ஆள் குரல் கொடுத்தார். கதை மதுரைப் பக்கம். இவருக்கு "இன்னா" போகவே இல்லை. எவ்வளவு சொல்லிக் கொடுத்தும் மூன்றாவது வரியில் நம் ஊர் வந்துவிடும். அதற்கு அவர் கோபித்துக்கொள்ளவில்லை. படம் ரிலீஸ் ஆனபோது காமராஜர் சாலையில் ஒரு தியேட்டரில் அவர் ஆட்களோடு போய்ப் பார்த்தாராம். அவர் வாயைத் திறந்ததும் பின்வரிசையிலிருந்து, "அண்ணே, கொரலு யாருதுண்ணே?" என்று ஒருத்தன் கேட்க, தியேட்டரே சிரித்திருக்கிறது.

முத்தியால்பேட்டை

தங்கச்சி, அருமை. வில்லியனூர்க்காரர் சொன்னதையும் இதையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தோன்றுகிறது. அரசியல்வாதி நடிக்க வந்தால் அவருடைய பேச்சுத்தான் கைகொடுக்கும் என்று எல்லாரும் நினைக்கிறோம். பேச்சு உண்மையில் தொந்தரவு. கைகொடுப்பது காத்திருக்கிற பழக்கம். தலைவர் வருவார் என்று வெயிலில் அரை நாள் நின்ற உடம்பு அது. ஒரு ஷாட்டுக்காக ஆறு மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தால், கேரவன் கேட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாது. கூட்டத்தில் ஓரமாக நின்றாலும், தன்னை யாரோ பார்க்கிறார்கள் என்ற நினைப்போடு நிற்கும். மஞ்சக்குப்பத்தார் சொன்ன சீரியல் மாமனாருக்குப் பேச்சுதான் எதிரி என்று நினைக்கிறேன். படமாகத் தொங்கினபோது நன்றாகத்தான் நடித்திருக்கிறார்.

கடலூர் மஞ்சக்குப்பம்

இதை அவருக்கு அனுப்பப் போகிறேன். அடி விழுந்தால் நீங்கள்தான் பொறுப்பு.

வில்லியனூர்

இன்னொரு சம்பவம் பாக்கி இருக்கிறது. 2021-இல் திருக்கனூர் பக்கம் ஒரு கிராமத்துப் படம் ஓடிக்கொண்டிருந்தது. மகனைப் பறிகொடுத்த அப்பன் வேஷம், அவருக்கு அதுவரை கிடைத்ததிலேயே பெரியது. அதற்காகத் தாடி வளர்த்திருந்தார். பாதி எடுத்தாயிற்று, மீதிப் பாதி எடுக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து உள்ளாட்சித் தேர்தல் அறிவிப்பு வந்தது!

ஊருக்கே ஆச்சரியம். இவர் அன்றைக்கு ராத்திரி தூங்கவில்லை என்று நினைக்கிறேன். காலையில் ஸ்பாட்டுக்கு வரும்போது பின்னால் நாலு பைக். ஷாட் இல்லாத நேரத்தில் எல்லாம் மரத்தடியில் வார்டுக் கணக்கு. எந்தத் தெருவில் எத்தனை ஓட்டு, யார் வீடு மாறிப் போனார்கள், யார் செத்துப்போனார்கள். 2006-க்குப் பிறகு ஓட்டு வயசுக்கு வந்த பசங்களை எப்படிப் பிடிப்பது என்பதுதான் பெரிய கவலை. கூட வந்தவன் ஒருத்தன், "உங்க சினிமா போட்டோவைப் போட்டுடுவோம்ணே" என்றான். இவருக்கும் ஆசைதான். ஆனால் போஸ்டருக்குத் தாடி முகம் ஆகாது என்று மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். எடுத்துவிடலாம் என்றால் டைரக்டர் கையெடுத்துக் கும்பிடுகிறார். "சார், க்ளைமாக்ஸ் பாக்கி சார். ஒட்டுத் தாடி வெச்சா குளோசப்ல தெரிஞ்சிடும் சார்."

நானும் பக்கத்தில்தான் நின்றேன். இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் தாடியை எடுக்கவில்லை. 2006-இல் எடுத்த பழைய போட்டோவைத் தேடிப் பிடித்து அதையே போஸ்டருக்குக் கொடுத்தார். போஸ்டரில் இருந்தவருக்கும் மரத்தடியில் உட்கார்ந்திருந்தவருக்கும் அப்பன் பிள்ளை வித்தியாசம்.

அப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரியும். இட ஒதுக்கீட்டுப் பிரச்சினை, வழக்கு, தேதி மாற்றம், மறுபடி வழக்கு, தேர்தல் நின்றே போய்விட்டது. செய்தி வந்த மறுநாள் எல்லாருக்கும் முன்னால் ஸ்பாட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தார். பைக் ஒன்றும் இல்லை. நான் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று பக்கத்தில் போனேன். "போஸ்டர் அடிச்ச காசுதான் போச்சு" என்றார். அன்றைக்கு எடுத்ததுதான் அந்த க்ளைமாக்ஸ். பார்த்தவர்கள் பார்த்திருப்பீர்கள். கிளிசரின் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எதை நினைத்து அழுதார் என்று நான் கேட்கவில்லை, கேட்டாலும் உண்மையைச் சொல்கிற ஆள் இல்லை.

உழவர்கரை

அந்தப் படத்தைப் பார்த்தேன். நன்றாகத்தான் செய்திருக்கிறார், ஒத்துக்கொள்கிறேன். தேர்தல் வந்தால் ஓட்டுக் கிடையாது.

பாகூர்

நான் இங்கே புதிது. எங்கள் சித்தப்பாவும் கொம்யூன் பஞ்சாயத்தில் 2006-இல் ஜெயித்தவர். ஆள் வாட்டசாட்டமாக இருப்பார், மீசை பெரிசு. இந்த இழையைப் படித்துக் காட்டினேன், அன்றிலிருந்து கண்ணாடி முன்னாலேயே நிற்கிறார். சென்னையில் ஒரு ஏஜென்சி இருபதாயிரம் கட்டினால் கேரக்டர் ரோல் உறுதி என்கிறது. கட்டலாமா?

வில்லியனூர்

கட்டாதீர்கள். வாய்ப்புக் கொடுக்கிறவன் உங்களிடம் பணம் கேட்க மாட்டான், உங்களுக்குத்தான் அவன் கொடுக்க வேண்டும். போர்ட்ஃபோலியோ, கார்டு, பயிற்சிக் கட்டணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் இதே கதைதான். சித்தப்பாவை மேக்கப் இல்லாமல், பகல் வெளிச்சத்தில், நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முழு உயரத்துக்கு ஒன்று என்று போனிலேயே போட்டோ எடுங்கள். ஒரு நிமிஷம் பேசுகிற வீடியோ ஒன்று. அரசியல் பேச வேண்டாம் என்று சொல்லுங்கள். கேஸ் சிலிண்டர் வரவில்லை என்று யாரிடமோ போனில் சொல்கிற மாதிரி இருந்தால் போதும். உயரம், வயது, என்னென்ன வண்டி ஓட்டுவார் என்று எழுதி எனக்குத் தனிச் செய்தியில் அனுப்புங்கள். ஷூட்டிங் நடக்கிற இடத்துக் கோஆர்டினேட்டர்கள் இரண்டு மூன்று பேரை இன்னும் தெரியும், சேர்த்துவிடுகிறேன்.

மீசையை மட்டும் எடுத்துவிடச் சொல்லாதீர்கள்.